பைக்குக் காவல்

"குவைத்துலயே உசரமான சறுக்கு கடற்கரை வாட்டர் பார்க்குலதான் இருக்கு. அங்கேயே போலாம் உம்மா," என்று கெஞ்சினாள் ஷைமா.

"அங்க ஆம்பளைங்களும் வருவாங்க. இன்னொரு வாட்டர் பார்க்குல நாளைக்குப் பெண்கள் மட்டும். அங்கதான் போறோம்," என்றாள் ஹெஸ்ஸா.

"அங்க வாசல்லயே போனைப் புடுங்கி வச்சுக்குவாங்க! உனக்கென்ன, எங்க போனாலும் அபாயாவை இழுத்துப் போத்திக்கிட்டுப் பைக்குக் காவலா உக்காந்திருப்பே. தண்ணில ஆடறது நான்தானே?"



மறுநாள் பெண்கள் மட்டும் வந்த பார்க்குக்குள் நுழைந்ததும், ஹெஸ்ஸா போட்டிருந்த கறுப்பு அபாயா அங்கியைக் கழற்றி மகள் கையில் திணித்தாள். உள்ளே, விலைச்சீட்டுகூடப் பிய்க்காத சிவப்பு நீச்சலுடை.

"உம்மா! எங்க போறே?"

"அந்தச் சறுக்கோட உச்சிக்கு. இன்னிக்குப் பைக்கு நீ காவல்டி. நான் சீக்கிரம் வருவேன்னு மட்டும் நினைக்காதே!"