தூள் போடாத இறைச்சி

“அம்மா, ஒருக்கா கறித்தூள் போடாமல் சமையுங்கோவன். ஐலா வீட்டில அப்பிடித்தான்.”

“தூள் போடாத இறைச்சியை ஆர் மோனை தின்னுறது? காய்ச்சல்காரனுக்குக் குடுக்கவோ?”

கிளாஸ்கோ வீட்டுக் குசினியில் நிரோஷன் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான். வெள்ளைக்காரப் பெட்டை ஐலாவைக் கட்டப்போகிறேன் என்று அடுத்த வாரம் அவன் சொன்னதும், “இனி இந்த வாசல் மிதிக்கக் கூடாது” என்றுவிட்டார் தகப்பன் சூசைதாசன். தாய் புஷ்பராணி அன்றும் வாய் திறக்கவில்லை, அதற்குப் பிறகு வந்த இரண்டு நத்தார்ப் பண்டிகைக்கும் திறக்கவில்லை.

இன்று கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயமும் கரட்டும் போட்டு, தண்ணீர் விட்டு அவிய வைத்தாள். கை தன்பாட்டில் தூள் போத்தலை எடுத்தது. திறக்காமலே திருப்பி வைத்தாள். அவிந்த உருளைக்கிழங்கை ஆவி பறக்க வெறுங்கையால் உரித்து மசித்தாள். விரல்கள் சிவந்தன, சுட்டதாகத் தெரியவில்லை.

சூசைதாசன் ஒரு வாய் வைத்தார்.

“என்னப்பா, தூள் முடிஞ்சுதோ?”

“இருக்குது.”

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கரண்டி அள்ளி மெதுவாக மென்றார்.

“இஞ்சாருங்கோ, பிள்ளையை வரச் சொல்லுங்கோ” என்றாள் புஷ்பராணி. “அந்தப் பிள்ளையையும்.”