ஒரே ஆபரேஷன்

அஞ்சலாட்சிக்கும் தங்கை கலைவாணிக்கும் பித்தப்பையில் கல் இருந்தது. இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, எடையும் அதிகம். அவர்களுடைய அம்மாவுக்கும் இதே தொந்தரவு இருந்ததைக் கேட்டதும், பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டர். ஆனால் அக்காவின் பலவீனமான இதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். எண்ணெயை அடியோடு விட்ட பிறகும் சாப்பிட்டதும் விலாவுக்குக் கீழே வலி வந்து அவள் சுருண்டு படுப்பாள்.

"நீ வலியோட கெடக்கறப்ப நான் மட்டும் எப்டிக்கா?" என்றாள் கலைவாணி.

"போடி. நீயாவது நல்லாரு."

கலைவாணியின் வயிற்றில் சிறு துளைகள் போட்டுப் பையை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்த அஞ்சலாட்சி அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது நல்ல பசி. கேண்டீனில் துணிந்து ஒரு மசால் தோசை சாப்பிட்டாள். வலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

டாக்டரிடம் சொன்னாள். அவர் ஸ்கேன் கருவியை அவள் வயிற்றில் திரும்பத் திரும்ப நகர்த்தினார்.

"வேற எங்கியாவது ஆபரேஷன் செஞ்சிக்கினீங்களாம்மா? பித்தப்பையே காணோம்."

"இல்லியே சார்."

அவள் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கையின் கட்டிலில் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். டாக்டர் முழித்த முழியையும் செய்து காட்டினாள். கலைவாணி சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க வைக்காதக்கா. தையல் இழுக்குது."

"எனக்குந்தாண்டி இழுக்குது" என்றாள் அஞ்சலாட்சி.