எண்பதுக்குக் கீழே

"இதுக்கு மேல பிடிச்சா பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும் சார். மூணு மாசத்துல இது நாலாவது தடவை. பேசாம புதுசா ஒண்ணு தைச்சுக்குங்க" என்றார் தையல்காரர், கால்சட்டையைத் திருப்பிப் போட்டபடி.

டிரைவர் சிரித்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். உட்கார்ந்தே வளர்த்த தொப்பையால் பணிமனையில் 'பீப்பாய்' என்று பேர் வாங்கியவர். இப்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக நின்றார்.

"அறுபத்திரண்டு வயசுல இப்படி ஸ்லிம் ஆனா சும்மாவா? உண்மையைச் சொல்லுங்க, பொண்ணு பாத்தாச்சா?"

"பொண்ணுக்காகத்தான்யா எல்லாம்."

தையல்காரர் கடை அதிரச் சிரித்தார். டிரைவர் சொன்னது பெற்ற பொண்ணை என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

ஒரே மகள். முப்பத்தொரு வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்திக் கையில் இனிக் குத்த இடமில்லை. கட்டியவன் நோய் என்று தெரிந்ததும் கழன்றுகொண்டான். தாய் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. சிறுநீரகம் கொடுக்கப் பொருந்தியது அப்பா ஒருவர்தான்.

ஆனால் டாக்டர் தராசைக் காட்டிவிட்டார். "தொண்ணூத்திரண்டு கிலோ. இந்த உடம்புல எப்படிங்க கத்தி வைக்கிறது? எண்பதுக்குக் கீழ வாங்க, எடுத்துக்கறோம். சீக்கிரம் வாங்க. அவங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளைப் படிக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். அதெல்லாம் பேச்சுக்கு. இப்போது நிஜமாகவே கட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். வயதானவர்களுக்கு எடை குறையப் பச்சைச் சாற்றை விட்டால் வேறு வழியே கிடையாது, கீரையில் இருக்கும் சத்து கொழுப்பை உருக்கி வெளியே தள்ளிவிடும் என்று அதில் ஒருவன் அடித்துச் சொன்னான். அன்றிலிருந்து பச்சைப் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் அரைத்து, வேளைக்கு ஒரு சொம்பு. சோறு பேருக்கு இரண்டு கவளம்.

அரைத்துக் கொடுப்பது மகள்.

"விடும்மா, நான் அரைச்சுக்கறேன். நீ போய்ப் படு."

"எனக்காக உடம்பையே அறுத்துக் குடுக்கப் போறீங்க. இதையாவது செய்ய விடுங்கப்பா."

மிக்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும். சாற்றை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க மாட்டாள். கீரை, பீட்ரூட் எல்லாம் அவளுக்கு டாக்டர் கூடாது என்று சொன்னவை.

முதல் மாதம் பசி பிடுங்கித் தின்றது. மூன்றாம் மாதம் பசியே எடுக்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. 'அப்பாடா, ஒரு தொல்லை விட்டது' என்று சந்தோஷப்பட்டார் டிரைவர்.

தைத்து வாங்கிய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு மறுநாள் மகளோடு மருத்துவமனைக்குப் போனார். ரத்தம் முந்தின வாரமே கொடுத்தாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டு இன்னொரு குப்பி எடுத்திருந்தார்கள். எடுத்தால் எடுக்கட்டும், எண்பது என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் அவர் மண்டையில் இல்லை.

நர்ஸ் தராசில் ஏற்றினாள். "எழுபத்தெட்டு புள்ளி ஆறு! ஜெயிச்சுட்டீங்க ஐயா!"

மகள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் நல்லதுக்காக அழுத அழுகை அது ஒன்றுதான்.

டாக்டர் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "இந்த மூணு மாசமா தினம் என்ன சாப்பிட்டீங்க?"

டிரைவர் ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னார். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"அந்தக் கீரையில ஆக்ஸலேட்னு ஒரு உப்பு இருக்குங்க. சமைச்சு அளவா சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. பச்சையா சொம்பு சொம்பா குடிச்சா, அது கிட்னியில துகள் துகளா படிஞ்சு அடைச்சிடும். உங்களுக்கு அடைச்சிடுச்சு. ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம். உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாதுங்க."

"எடை குறைஞ்சிடுச்சே டாக்டர்!" என்றார் டிரைவர்.

"யாருங்க இப்படி அரைச்சுக் குடுத்தது?"

டிரைவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"நானேதான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். எம் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். எதனாலன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவருக்குத் தன் உடம்பைப் பற்றி ஒரு கவலையும் வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சொல்வது, இனி அவளுக்கு யார் கொடுப்பார்கள் என்பதுதான் கவலை.

டாக்டர் ரிப்போர்ட்டை இன்னொரு முறை புரட்டினார். "வேற பிள்ளைங்க யாராவது இருக்காங்களா? கூடப்பிறந்தவங்க?"

"நாதியில்ல டாக்டர். எனக்கு அவ, அவளுக்கு நான். அவளுக்குக் குடுக்க வேற ஆளே கிடையாது."

"அவங்களுக்குக் கேக்கலைங்க. உங்களுக்குக் கேட்டேன்."