ஜட்ஜ் ஐயாவின் மணி

“முத்தியால்பேட்டை சிவசங்கரி வீட்டுக்காரர்தான நீங்க? உங்க அம்மா காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா தம்பி?” கேட்டைத் திறந்துகொண்டே விசாரித்தார் லினெட் அம்மா.

“அதெல்லாம் ஆச்சு மதாம். நாற்காலி எங்க?” என்றான் கமலக்கண்ணன்.

சிவசங்கரிக்கு ஊரெல்லாம் பழக்கம். இந்த அம்மாவுக்கு அவளை எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவனுக்கு அப்போது நேரமில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், ‘ஜட்ஜ் வீடு’ தொடரை இந்த வீட்டில்தான் படம் பிடித்தார்கள். அதில் வரும் ஜட்ஜ் ஐயாவுக்கு நடக்க முடியாது. தன் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இருக்கும் பித்தளை மணியை இரண்டு தட்டுத் தட்டுவார். வீட்டில் யார் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வந்து நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஊரே அந்த மணிக்காகக் காத்துக் கிடந்தது.

அந்தக் கிறக்கம் கமலக்கண்ணனுக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை. அவன் செல்போன் அடித்தாலும் அந்த மணிதான் கேட்கும். ஆர்குட் இணையதளத்தில் தொடருக்கென்று ஒரு குழு ஆரம்பித்துத் தானே தலைவனாகவும் ஆகியிருந்தான். நாற்காலி இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறது என்று போன மாதம் தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குழுவினரை வேன் வைத்து வரவழைத்துவிட்டான்.

நாற்காலி வராந்தாவில் நின்றது.

கறுப்பு மரத்துக்கு ஆஸ்பத்திரிப் பச்சையில் பெயிண்ட். பிரம்புப் பின்னலைக் காணோம், ரெக்ஸின் தைத்திருந்தது. மணி இருந்த இடத்தில் வெறும் ஓட்டை.

“இது அதுதானா சார்?” திருச்சி ஆதிமூலத்துக்குச் சந்தேகம்.

கமலக்கண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கைப்பிடியின் பக்கவாட்டில் விரலால் தடவினான். “அதேதான். ஜட்ஜ் ஐயா மவன் மேல கோவப்பட்டு சாவிக்கொத்தால கைப்பிடியில அடிப்பாரே, அந்த வடு.” எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

எழுந்தபோது முகம் மாறியிருந்தது. “பெயிண்ட் அடிச்சது யாரு மதாம்?”

“எங்க வீட்டுக்காரர். அவரு இருந்த வரைக்கும் அவரே துடைச்சி வெப்பாரு. கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கறோம்ல? கால் முடியாதவங்க, கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வர்றவங்க. கழுவித் துடைக்க பெயிண்ட்தான் சௌகரியம்.”

“கேக்கறவங்களுக்கெல்லாமா? இது என்ன பொருள்னு தெரியுமா உங்களுக்கு?”

“உக்கார்ற பொருள்தான தம்பி.”

ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டார். “வெளிநாடா இருந்தா கண்ணாடிப் பெட்டியில வெச்சிருப்பான் சார்.”

“அதெல்லாம் போவட்டும்,” என்றான் கமலக்கண்ணன். “மணி எங்க? அந்த மணிதான் மதாம் உயிரே. அதைக் கழட்டின புண்ணியவான் யாரு? மனசுன்னு ஒண்ணு இருக்கறவன் அதுல கை வைப்பானா?”

லினெட் அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான் கழட்டினேன். எங்கயோ வெச்சேன், காணல. வயசாயிடுச்சில்ல?”

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அருமை தெரியாதவர்கள் கையில் அகப்பட்டால் இப்படித்தான் என்றார் ஒருவர். அந்த அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நோணாங்குப்பத்தில் படகு ஏறவேண்டும் என்று மற்றவர்கள் வேனுக்குப் போனார்கள். கமலக்கண்ணன் மட்டும் பின்தங்கினான்.

“கோச்சிக்காதீங்க மதாம். உங்களால இதைப் பாதுகாக்க முடியல. எங்க குழுவுக்குக் குடுத்துடுங்க. கோயில் மாதிரி வெச்சிப் பாத்துக்கறோம்.”

லினெட் அம்மா உள்ளே போய், துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். பிரித்தான். பித்தளை மணி.

“காணலன்னு சொன்னீங்க?”

“உங்க சிநேகிதங்க எதிர்ல எப்பிடித் தம்பி சொல்றது?” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “போன வருஷம் உங்க அம்மா விழுந்து இடுப்பு ஒடிஞ்சப்போ, சிவசங்கரி வந்து இந்த நாற்காலியத்தான் வாங்கிட்டுப் போச்சு. அவங்க போற வரைக்கும் உங்க வீட்லதான் கெடந்துது. திருப்பிக் குடுக்கறப்ப மணியத் தனியாக் குடுத்துது.”

கமலக்கண்ணன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

“பாவம், அம்மா அடிக்கடி மணியடிச்சி உங்களைக் கூப்புடுவாங்களாம். நீங்க பக்கத்து ரூம்ல சீடி போட்டு அந்தப் பழைய சீரியலைப் பாத்துக்கிட்டு இருப்பீங்களாம். ஒரே தொந்தரவா இருக்கு, அந்த மணியக் கழட்டிப் போடுன்னு நீங்கதான் சத்தம் போட்டீங்களாம்.”

அம்மாவின் போர்வைக்குக் கீழே ஏதோ ஒரு பச்சை வண்டி தெரிந்தது அவனுக்கு நினைவு வந்தது. சிவசங்கரி எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தது. அவன் அதை ஒருநாள்கூடத் தள்ளியதில்லை, அதன் மணியைக் காது கொடுத்துக் கேட்டதுமில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்த்திருந்தால்தானே வடு தெரியும்?

சட்டைப் பையில் செல்போன் அடித்தது. ஜட்ஜ் ஐயாவின் மணி. வேனிலிருந்து கூப்பிடுகிறார்கள் போல. கமலக்கண்ணன் கையில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் நிற்கவில்லை.

“போய்க் கேளுங்க தம்பி,” என்றார் லினெட் அம்மா. “யாரோ கூப்புடறாங்க.”