மூன்றாவது வரி

நாலாம் வகுப்பு டீச்சர் பெற்றோர் கூட்டத்தின் முன் நின்றாள். சாக்பீஸை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

எதிரே, பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள் பெற்றோர். ஒருவர் போனை நோண்டினார். இன்னொருவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் ஒரு தாள். ‘என் வகுப்பை நான் நடத்தும் முறை.’ மொத்தம் மூன்றே வரி. படித்துக் காட்டிவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும்.

வகுப்பு இரைச்சலாக இருந்தால் கத்த மாட்டேன், என் குரலைத் தாழ்த்துவேன் என்று முதல் வரியைப் படித்தாள்.

யாரையும் வெளியே நிற்க வைக்க மாட்டேன், தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன் என்றது இரண்டாவது.

முன் பெஞ்சிலிருந்து பஸ் டிரைவர் எழுந்தார். டியூட்டிக்கு நடுவே காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

“பேசினா கேக்குற வயசா டீச்சர் இது? ரெண்டு போடு போட்டாத்தான் வழிக்கு வரும். நாங்க வாங்காததா?”

வகுப்பே சிரித்தது. போனை நோண்டியவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடைசி பெஞ்சில் இருந்த டிரைவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தையல் கடையிலிருந்து நேராக வந்தவள். தோளில் இன்னும் அளவு நாடா தொங்கியது. புருஷனின் முதுகையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மூன்றாவது வரிக்கு வந்தாள். கண்ணால் மட்டும் படித்தாள்.

‘எந்தப் பிள்ளை மேலும் கை ஓங்க மாட்டேன்.’

திங்கட்கிழமை கணக்கு வகுப்பு. பென்சிலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தாள் ஒரு சிறுமி. மூன்று முறை சொல்லியாகிவிட்டது. நாலாவது முறை சொல்லவில்லை. மர ஸ்கேல் அவள் முழங்கைக்கு மேலே இறங்கிவிட்டது.

பிள்ளை அழவில்லை. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு கணக்கைப் போட ஆரம்பித்தது. அன்று சாயங்காலமே டீச்சர் அதைத் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டாள்.

“வீட்டுல அது சொல்லல போலிருக்கு. நீங்களும் கிளறாதீங்க” என்று இன்று காலையில்தான் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இப்போது வாசலருகே நின்று, சீக்கிரம் முடி என்று கண்ணால் சாடை காட்டினார்.

டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த மூணாவது வரிய என்னால படிக்க முடியாது. திங்கக்கிழமை ஒரு பிள்ளைய ஸ்கேலால அடிச்சிட்டேன்.” டிரைவரைப் பார்த்தாள். “உங்க பொண்ணத்தான் சார்.”

டிரைவர் நின்றபடியே இருந்தார். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் மெல்ல எழுந்தாள். டீச்சரைத் திட்டப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“கையில தடிப்பு என்னன்னு கேட்டேன், படியில விழுந்துட்டேன்னு சொன்னா. நான் நம்பல” என்றாள். கண் மட்டும் புருஷனை விட்டு நகரவில்லை. “நாலு நாளா இவர்கிட்ட நான் பேசவே இல்ல டீச்சர்.”