ஹால்வரின் இதயம்

மின்னசோட்டா மருத்துவமனை அறையில் அன்று இருந்தவர்கள் மூவர்: எழுபது வயது ஹால்வர், அவர் மனைவி ஆர்லிஸ், டாக்டர் கிரெக்சன்.

"பெருங்குடல்ல சின்னச் சின்னப் பையா பிதுங்கியிருக்கு. அதுல ஒண்ணு வீங்கிடுச்சு," என்றார் டாக்டர். "இப்போ மாத்திரையும் தெளிஞ்ச சூப்பும் போதும். வீக்கம் வடிஞ்சதும் நார்ச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமா கூட்டணும். இந்தக் குடல் நோய்க்காரங்களுக்குன்னே புதன்கிழமை இங்கயே வகுப்பு நடக்குது."

மூன்று தலைமுறையாகத் தேவாலயத்தில் முன்வரிசையில் அமரும் குடும்பத்துக்குக் குடல்நோயா?

"ஜெபப் பட்டியல்ல போட பாஸ்டர் என்ன வியாதின்னு கேட்டா, இதயம்னு சொல்லு," என்றார் ஹால்வர் மனைவியிடம்.

"கோயில்லயே பொய்யா?"

"பின்னே, ஊரே என் கழிவறையை நினைச்சு முழங்கால் போட்டு ஜெபிக்கணுமா?"

ஞாயிறன்று எங்கள் சபை ஹால்வரின் இதயத்துக்காக உருகி வேண்டியது. புதனன்று ஆர்லிஸ் அவரை வகுப்புக்கு இழுத்துப் போனாள்.

உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருமே எங்கள் சபையின் ஜெபப் பட்டியலில் இருக்கும் இதய நோயாளிகள்.

தேவாலயத்தில் அதே முன்வரிசையில் அமரும் எல்மர் நாற்காலியை நகர்த்தினார். "வாங்க ஹால்வர். இதயமா?"

"இதயந்தான்."

"உட்காருங்க. இன்னைக்கு ஓட்ஸ் பத்திப் பாடம்."

எங்கள் சபையார் இதயம் பலவீனமானவர்கள் என்று பக்கத்து ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. எங்கள் இதயங்களுக்கு ஒரு குறையும் இல்லை.