ரொட்டிக்காரரின் மூக்கு

டாக்டரின் திரையில், ரொட்டிக்காரரின் மூக்குக்குள் வெளிறிய திராட்சைக் கொத்துபோல் சதை தொங்குகிறது. "கிருமி இல்லைங்க. ரத்தத்துல காவலுக்கு இருக்கிற வெள்ளை அணுக்கள்தான். மாவுத்தூளை எதிரின்னு நெனச்சுக் கூடிக்கூடி மூக்கை வீங்க வெச்சு, வாசனையே தெரியாம அடைக்குது." "நமக்குச் சோறு போடுற மாவையா?" என்கிறாள் மனைவி. "காவலுக்கு வெச்ச ஆளே வீட்டுக்காரனை அடிக்கிறானா? நல்ல கூத்து!" என்று ரொட்டிக்காரர் சிரிக்கிறார், சிரிப்பு இருமலாகிறது. "மருந்து தரேன். ஆனா நீங்க பேக்கரியை விட்டாகணும்." மங்கிய ஜன்னல் வெளிச்சத்தில் அவர் புருவத்து மாவு வெளுத்துத் தெரிகிறது. டாக்டருக்கென்று கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்கிறார். மேலே நல்ல பொன்னிறம். அடியிலிருந்து கருகல் வாடை அறையெங்கும் பரவுகிறது. "மணம் எப்படி?" என்று மனைவியின் முகத்தையே பார்க்கிறார். "வழக்கம்போலத்தாங்க," என்று அவள் காகிதத்தை மறுபடி மூடுகிறாள்.